டபுள் பாஸ் பிக்கப்பில் அடிநாதம் திரும்பி வந்த விதம்

எலக்ட்ரிக் பாஸ் வாசித்துப் பழகியவர்கள் ஒருமுறையாவது டபுள் பாஸை, அதாவது நிமிர்த்தி வைத்து வாசிக்கும் அந்தப் பெரிய மர வாத்தியத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 34 அங்குலத் தந்தி அங்கே 41, 42 அங்குலமாக நீள்கிறது. சுர இடத்தைக் காட்டும் ஃப்ரெட் பட்டிகள் கிடையாது, காதை நம்பித்தான் விரல் வைக்க வேண்டும். அறையில் வாசித்தால் தரை வழியாகக் காலில் ஏறும் அந்த அதிர்வுக்கு ஈடே இல்லை!

ஆனால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் பீசோ பிக்கப் (அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் சிறு கருவி) மாட்டி ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) இணைத்ததும் அந்தச் சத்தம் காணாமல் போனது. மூக்கால் பேசுவது போல ஒரு குரல், கூடவே விரல் படும் டிக் டிக் ஒலி. பாஸ் குமிழை எவ்வளவு திருப்பினாலும் உப்பல்தான் கூடியது.

காரணம் ஆம்ப்பின் உள்ளீட்டு மின்தடை. பீசோ ஒரு சின்னக் கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகம்) மாதிரி. குறைந்த தடையுள்ள உள்ளீட்டில் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து கீழ் அதிர்வெண்களை வெட்டிவிடும். உதாரணமாக 2 நானோஃபாரட் பிக்கப், 1 மெகாஓம் உள்ளீடு என்றால், சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேய ஆரம்பிக்கும். டபுள் பாஸின் ஈ தந்தியோ 41 ஹெர்ட்ஸ்!

சரி, 10 மெகாஓம் உள்ளீடுள்ள ப்ரீஆம்ப் (ஆம்ப்புக்கு முன் சிக்னலைத் தயார்செய்யும் பெட்டி) ஒன்றை நடுவில் வைத்தேன். அதே கணக்கில் வெட்டு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஈ தந்தி முழுசாகக் கேட்டது, டிக் ஒலியும் அடங்கியது. பிக்கப்பிலிருந்து ப்ரீஆம்ப் வரை கேபிளைக் குட்டையாக வையுங்கள், நீளமானால் சிக்னல் பலம் குறையும்.

அப்புறம், அடிநாதம் வந்தால் ஃபீட்பேக்கும் (ஆம்ப்பின் ஒலி பிக்கப்புக்கே திரும்பி எழும் ஊளை) வரும். அதற்கு 30 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் (அந்த அளவுக்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் வடிகட்டி) போதுமாக இருந்தது.