ஐந்தொகை போட்டு வேலை தேடுங்கள்: சுயமுன்னேற்ற நூலைக் கையாளும் முறை

கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சுயமுன்னேற்ற நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து, படித்த அன்று மட்டும் உற்சாகமாக இருந்து, மறுவாரமே பழைய குழப்பத்துக்குத் திரும்பியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் நூலிலுள்ள பயிற்சிகளை எழுதிப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டியவர்கள்.

முதல் வேலை, ஒரே ஒரு நூலைத் தேர்ந்தெடுப்பது. கிளை நூலகத்துக்குச் சென்று, எடுக்கும் ஒவ்வொரு நூலின் நடுப்பக்கங்களையும் திறந்து, நீங்கள் பேனா பிடித்து விடை எழுத வேண்டிய கேள்விகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெற்றி பெற்றவர்களின் கதைகள் மட்டுமே இருந்தால் அதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இவ்வகையில் பெயர்பெற்ற ‘வாட் கலர் இஸ் யுவர் பாராசூட்’ நூலை ரிச்சர்ட் போல்ஸ் 1970-இல் தாமே அச்சிட்டு வெளியிட்டார். வேலையிழந்துகொண்டிருந்த சமய ஊழியர்களுக்கு உதவ எழுந்த நூல் என்பதால், படிப்பவரை எழுத வைக்கும் பயிற்சிகளுக்கு அதில் முக்கிய இடம் உண்டு. வெளிநாட்டு நூல்களில் அந்நாட்டு ஓய்வூதியம், காப்பீடு பற்றி வரும் இயல்களைத் தயங்காமல் தாண்டுங்கள்.

அடுத்து ஒரு நோட்டு வாங்கி, உங்கள் ஐந்தொகையை எடுங்கள். ஐந்தொகை என்பது இருப்பையும் கடனையும் காட்டும் கணக்கு; இங்கே உங்கள் கையிருப்பு, நீங்கள் செய்து முடித்த காரியங்கள். நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாகக் கடையில் சேர்ந்தவர் கணக்கு எழுதிப் பழகித்தான் கடைப் பொறுப்பாளருக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தார் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே கண்டிப்பு இங்கும் வேண்டும். ‘கடின உழைப்பாளி’, ‘பொறுமைசாலி’ போன்ற குணங்களை எழுதாதீர்கள். செய்து முடித்த காரியங்களை மட்டும் எழுதுங்கள். பி.காம். முடித்த என் சித்தப்பா மகள் முதலில் “எனக்கு ஒன்றும் தெரியாது அண்ணே” என்றுதான் சொன்னாள். இரண்டு மாலைகள் உட்கார்ந்து எழுதியபோது, அக்கா திருமணத்தில் மொய் நோட்டு எழுதி இரவோடு இரவாகத் தொகையைச் சரிபார்த்தது, சமையல்காரரிடம் சாமான் பட்டியல் வாங்கிக் கடைக்காரரிடம் விலை பேசியது என்று பதினோரு வரிகள் வந்தன. அவற்றில் ஏழு வரிகள் கணக்கும் பொருள் நடமாட்டமும் பற்றியவை. அவள் போக வேண்டிய திசை அந்த ஏழு வரிகளில் தெரிந்தது.

நூல்களில் அடிக்கடி வரும், அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வகுத்த ஆறு வேலை நாட்ட வகைகளையும் (கைவேலை, ஆய்வு, கலை, பிறருக்கு உதவுதல், தொழில் நடத்துதல், ஒழுங்குபடுத்துதல்) உங்கள் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு மாலை போதும்.

மூன்றாவது படிதான் பலர் கூச்சத்தால் விட்டுவிடுவது: அந்தத் தொழிலில் இருப்பவரை நேரில் பார்த்துக் கேட்பது. வேலை கேட்டுப் போகாதீர்கள். இருபது நிமிடம் பேச மட்டும் அனுமதி கேளுங்கள். அந்தச் சித்தப்பா மகள் ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்குப் போனாள். கண்ணாடியின்மேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “உங்களுக்கு அலுப்புத் தரும் வேலை எதுங்கண்ணே?” என்று உரிமையாளரிடம் கேட்டாள். “கல்லு போடுறதுல அலுப்பே இல்லம்மா. எந்த ஊருக்கு எத்தனை கல்லு போச்சு, எத்தனை உடைஞ்சுதுன்னு பதில் சொல்லித்தான் மாளல” என்றார் அவர். சரக்கு அனுப்பும் கணக்கு ஒரு தனி வேலை என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. இப்படிக் குறைந்தது ஐந்து பேரையாவது பார்த்துவிட்டு, கேட்ட பதில்களை அன்றிரவே நோட்டில் எழுதுங்கள்.

அதன்பிறகே சுயவிவரக் குறிப்பு எழுதுங்கள். ஐந்தொகையில் உள்ள வரிகளே அதற்குப் போதும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறவாதீர்கள். அரசுத் தேர்வு எழுதுபவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் நடக்கும் இலவச வகுப்புகளை விசாரியுங்கள். வளைகுடா, மலேசியா என்று ஆள் எடுப்பவர்கள் பணம் கேட்டால், அவர்கள் பதிவு பெற்ற முகவர்கள்தானா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே நோட்டில், அந்த வாரம் யாரைப் பார்த்தீர்கள், எங்கே விண்ணப்பித்தீர்கள், என்ன பதில் வந்தது என்று தேதியோடு எழுதிவாருங்கள். நான்கு வாரம் பதிலே வராவிட்டால், இன்னொரு நூல் வாங்கப் போகாமல், அந்தத் தொழிலில் நீங்கள் இன்னும் பார்க்காத ஆள் யார் என்று தேடுங்கள்.