நீலகிரிச் சதுப்பிலிருந்து பழைய நிலத்தை அறிவது எப்படி

நீலகிரியின் மேல்மட்டத்தில், புல்வெளிக் குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் நீர் தேங்கி, செடிகள் முழுவதும் மட்காமல் படிந்து, பீட் எனப்படும் கரிச்சேறாகக் கிடக்கின்றன. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் அந்தப் படிவு 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. சோலை எனப்படும் மலைக்காட்டை மனிதர் வெட்டியதால்தான் இங்கே புல்வெளி வந்தது என்று சொல்வோர், முதலில் இந்தச் சேற்றைப் பார்க்க வேண்டும்.

வனத்துறையின் அனுமதி பெற்ற பின், வாய்க்கால் வெட்டாத, உருளைக்கிழங்கோ கேரட்டோ பயிரிடாத சதுப்பைத் தேர்ந்தெடுங்கள். கிளறப்பட்ட சேற்றில் அடுக்குகளின் காலவரிசை குலைந்திருக்கும். அரைவட்டக் கூடுள்ள கைத்துளைப்பானால் அடிமண் வரை மாதிரி எடுத்து, ஆழத்தையும் மேல்முனையையும் அங்கேயே குறித்து, உறையிட்டுக் குளிரில் வைக்க வேண்டும்.

காலக்கணிப்புக்கு விதை, இலை போன்ற நிலத்தாவரத் துண்டுகளையே அனுப்புங்கள். மேலிருந்து இறங்கிய இளம் வேர்கள் கலந்தால், அடுக்கு தன் உண்மையான வயதைவிட இளையதாகத் தெரியும். எச்சத்தில் மிஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதைக் கணிக்கும் இந்த முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரையே பயன்படும்.

அக்காலத்தில் எந்தச் செடிகள் இருந்தன என்பதை ஒவ்வொரு அடுக்கிலும் புதைந்த மகரந்தம் சொல்லும். அந்த மகரந்தத்தைச் சேற்றிலிருந்து பிரிக்கும் அமில வேலையைப் பயிற்சி பெற்றவர்கள் ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். அதன்பின் ஒவ்வொரு அடுக்கிலும் குறைந்தது 300 மகரந்த மணிகளையாவது எண்ணுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸ் 1840-களில் இம்மலைக்கு வந்ததால் அதன் மகரந்தத்தைக் காலக்குறியாகக் கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் சோலையில் இயல்பாக வளரும் நாவல் இனங்களும் அதே குடும்பத்தவை, அவற்றின் மணிகளும் முக்கோண வடிவினவே. தென்னிந்தியாவுக்கு உரியதல்லாத பைன் மரத்தின் மணியோ, இரண்டு காற்றுப்பைகளால் எளிதில் இனங்காணத் தக்கது. ஆகவே பைனையும் சேர்த்துப் பார்ப்பதே பாதுகாப்பு. குறிஞ்சியின் மகரந்தம் அரிதாகவே கிடைக்கும். பூச்சிகள் சுமக்கும் மகரந்தம் காற்றில் அதிகம் பரவாது என்பதால், மணி கிடைக்கவில்லை என்பதை வைத்து அக்காலத்தில் குறிஞ்சியே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

மனிதக் குடியிருப்பைக் காண்பது இன்னும் கடினம். ராகி, சாமை ஆகியவற்றின் மணிகளைக் காட்டுப்புல்லின் மணிகளிலிருந்து பிரிப்பது அரிது. எனவே கரித்துகள், களைச்செடிகளின் மகரந்தம், எருமை போன்ற மேயும் விலங்குகளின் சாணத்தில் வளரும் பூஞ்சையின் வித்துகள், சரிவிலிருந்து அடித்துவரப்பட்ட களிமண் ஆகியவை ஒரே ஆழத்தில் சேர்ந்து உயர்கின்றனவா என்று பாருங்கள். கரித்துகள் மட்டும் கூடினால் அது வறட்சிக் காலத்துத் தீயாகவும் இருக்கலாம்.

அதைச் சோதிக்கக் கரிம ஐசோடோப்பு, அதாவது சேற்றிலுள்ள எடை வேறுபட்ட கரிம அணுக்களின் விகிதம், உதவும். ஒளிச்சேர்க்கை முறையால் சி3, சி4 எனப் பிரிக்கப்படும் தாவரங்களில் இவ்விகிதம் வேறுபடும். மரங்களும் குளிர்ப்பகுதிப் புற்களும் அடங்கிய சி3 தாவரங்களின் மதிப்பு ஆயிரத்துக்குச் சுமார் -27, வெப்பமண்டல சி4 புற்களின் மதிப்பு சுமார் -12. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உச்சப் பனிக்காலத்தின் வறட்சியில், சி4 புற்கள் இம்மலையில் ஓங்கியிருந்ததை நீலகிரிச் சதுப்புகளின் மதிப்புகள் காட்டின. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் மிகுந்து சி3 தாவரங்கள் பெருகின. இத்தகைய காலநிலை மாற்றம் தெரியாத அடுக்கில் கரித்துகள் முதலாக மேற்சொன்ன நான்கு தடயங்களும் கூடினால்தான் மனிதர் கைபட்டது என்று எழுதலாம்.

மாதிரியில் பாதியை வெட்டாமல் சேமித்து வையுங்கள். சதுப்புகள் தோட்டங்களாகிவரும் இம்மலையில், அதே இடத்தில் மறுமுறை துளையிட வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம்.