லாரி தொழில்ல சுய கட்டுப்பாடு: சர்டிபிகேட் கைல இருந்தும் எங்க கோட்டை விடுறாங்க

செக்போஸ்ட்ல மாட்டின பிறகு அபராதம் கட்டுறதுக்கு பதிலா, எடை, டிரைவர் ஓய்வு, வண்டி கண்டிஷன் இதுக்கெல்லாம் தொழில்ல இருக்கறவங்களே சேர்ந்து ரூல் போட்டுக்கிட்டு, வெளி ஆள வச்சு ஆடிட் பண்ணிக்கிறது தான் சுய கட்டுப்பாடு. தென்னாப்பிரிக்கால ஆர்டிஎம்எஸ்னு (ரோடு டிரான்ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) ஒரு திட்டம் இப்படி ஓடுது, மரமும் கரும்பும் ஏத்துற லாரிங்க ஓவர்லோடுல ரோட்ட பேத்து எடுத்ததுல இருந்து வளர்ந்தது அது. ஆஸ்திரேலியால என்எச்விஏஎஸ்னு (கனரக வண்டிங்களுக்கான தேசிய அங்கீகார திட்டம்) இருக்கு, எடைக்கு, மெயின்டனன்ஸுக்கு, டிரைவர் களைப்புக்குன்னு தனித்தனி மாட்யூல். ரெண்டுமே விருப்பப்பட்டு சேர்றது தான், கட்டாயம் இல்ல. நல்ல ஏற்பாடு, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது, ஆனா நடைமுறைக்கு கொண்டு வரும்போது ஒரே மாதிரி தப்புங்க திரும்பத் திரும்ப நடக்குது.

எல்லாத்தையும் விட பெரிய தப்பு எதுன்னா, ரூல் புக் எழுதும்போது டிரைவரையும் லாரி ஓனரையும் மட்டும் மனசுல வச்சு எழுதுறது. சரக்கு அனுப்புறவங்களும் வாங்குறவங்களும் அந்த புக்லயே இருக்க மாட்டாங்க. யோசிச்சு பாருங்க, வண்டில எவ்வளவு ஏத்துறதுன்னு முடிவு பண்றது குடோன்ல நிக்கிற ஆளு, எத்தனை மணிக்கு போய் சேரணும்னு முடிவு பண்றது ஏதோ ஒரு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிறவரு. "இன்னும் ரெண்டு டன் தானப்பா, சேத்து போட்டுக்கோ"ன்னு சொன்னா டிரைவர் என்ன பண்ணுவாரு, மாட்டேன்னு சொன்னா அடுத்த லோடு வேற வண்டிக்கு போயிடும். ஆஸ்திரேலியால இந்த ஓட்டைய சட்டத்துலயே அடைச்சாங்க, 2018 அக்டோபர்ல இருந்து அனுப்புறவர், ஏத்துறவர், ஷெட்யூல் போடுறவர்னு அந்த சங்கிலில இருக்கற ஒவ்வொருத்தருக்கும் பாதுகாப்புல நேரடி பொறுப்பு உண்டு. சுய கட்டுப்பாடுன்னு வரும்போது இதையே காண்ட்ராக்ட்ல எழுதிக்கலாம். அளவுக்கு மேல எடை இருந்தா கேட் தாண்டக் கூடாது, இறக்கிட்டு தான் கிளம்பணும், அந்த தாமதத்துக்கு டிரைவர்கிட்ட காசு பிடிக்கக் கூடாதுன்னு மூணு வரி போதும்.

இதோட ஒட்டினது தான் சம்பள விஷயம். சுவத்துல "வேகம் வேண்டாம்"னு போஸ்டர் ஒட்டிட்டு டிரிப்புக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு, சீக்கிரம் போனா போனஸ்னு குடுத்தா டிரைவர் எத நம்புவாரு? போனஸ தான். ஐரோப்பிய யூனியனோட 2006 டிரைவிங் நேர விதிய எல்லாரும் நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் நிறுத்தணும்ங்கிற கணக்குக்காக மேற்கோள் காட்டுவாங்க, ஆனா அதுலயே இன்னொரு பிரிவு இருக்கு, ஓட்டுன தூரத்தையோ ஏத்துன சரக்கோட அளவையோ வச்சு காசு குடுக்கறது ரோட்ல ஆபத்த உண்டாக்கும்னா அப்படி குடுக்கவே கூடாதுன்னு. காப்பி அடிக்கிறவங்க இந்த பிரிவ மட்டும் வசதியா விட்டுடுவாங்க.

ஓய்வு நேர பதிவுலயும் ஒரு தில்லுமுல்லு நடக்கும். லோடிங் க்யூல அஞ்சு மணி நேரம் நின்னத "ரெஸ்ட்"னு எழுதிடுவாங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ வண்டிய ஒரு லாரி நீளம் நகத்திக்கிட்டு இருந்தவரு எங்க தூங்கினாரு? பேப்பர்ல ஃபுல் ரெஸ்ட், ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டியரிங் பிடிக்கும்போது கண்ணு சொருகுது. வெயிட்டிங்க தனி கட்டத்துல எழுத வச்சா டிரைவர் உண்மைல எவ்வளவு தூங்கினாருன்னும் தெரியும், எந்த கஸ்டமர் கேட்ல வண்டி வீணா நிக்குதுன்னும் தெரியும், அத காட்டி நேரம் குறிச்சு குடுங்கன்னு பேச முடியும்.

அடுத்தது எடை. மொத்த எடை சரியா இருக்கு, அவ்வளவு தான்னு விட்டுடுறாங்க. ரோட்ட உடைக்கிறது மொத்த எடை இல்ல, ஆக்சில் எடை, அதாவது ஒவ்வொரு அச்சு மேலயும் விழுற பாரம். அமெரிக்கால இல்லினாய்ல ஒட்டாவாங்கிற ஊர் பக்கத்துல 1958ல இருந்து 1960 வரைக்கும் ராணுவ வீரர்கள வச்சு லாரிய சுத்தி சுத்தி ஓட்டி ஒரு பெரிய சோதனை பண்ணாங்க, அதுல இருந்து வந்தது தான் நாலாம் அடுக்கு விதி, அதாவது ஆக்சில் எடைய நாலு தடவ பெருக்கின கணக்குல ரோடு சேதம் ஏறும்ங்கிறது. தோராயமான விதி தான், ஆனா கணக்கு பயமுறுத்தும்: ஒரு ஆக்சில்ல 10 சதவீதம் கூடினா ரோடு சேதம் ஏறத்தாழ 46 சதவீதம் கூடும், 20 சதவீதம் கூடினா ரெண்டு மடங்க தாண்டிடும். சரக்க முன்னாடி தள்ளி வச்சா மொத்தம் சரியா இருந்தும் முன் ஆக்சில் அடி வாங்கும். பல இடத்துல இறக்குற டிரிப்ல இன்னும் மோசம், கிளம்பும்போது சரியா இருந்த வண்டி, பின்னாடி இருக்கற சரக்க முதல் ரெண்டு ஸ்டாப்ல இறக்கினதும் பாரம் முன்னாடி சாஞ்சிடும். அதனால ஆக்சில் வாரியா எடை பாக்கணும், பாதி இறக்கின பிறகு எப்படி இருக்கும்னும் முன்கூட்டியே கணக்கு போடணும்.

ஓவர்லோடுக்கு பயந்து குறைச்சு ஏத்துறதும் தப்பு தாங்க, இத யாரும் தப்புன்னே நினைக்கிறதில்ல. 25 டன் ஏத்தலாம்னு இருக்கற வண்டில எதுக்கு வம்புன்னு 22.5 டன் ஏத்தினா, 9 டிரிப்ல முடிய வேண்டியது 10 டிரிப் ஆகும். டீசல் போகட்டும், ரோட்ல ஒரு லாரி ஒரு தடவ கூட ஓடுது, அது ஒரு தடவ கூட விபத்துக்கான வாய்ப்பு. லோடிங் இடத்துல ஒழுங்கான எடை பாக்குற வசதி இருந்தா இந்த பயமே தேவையில்ல.

சரக்க பெல்ட் போட்டு கட்டுறதுல நடக்குற தப்ப கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா ஆடிட் பண்ண வர்றவங்களே பல பேர் பெல்ட் எண்ணிக்கைய மட்டும் பாத்துட்டு போயிடுறாங்க. ராட்செட் பெல்ட்ல, அதாவது கைப்பிடிய ஆட்டி இறுக்குற பெல்ட்ல, ஒரு லேபிள் தெச்சிருக்கும், அதுல எல்சி 2500 டெக்கா நியூட்டன்னு இருக்கும், அதாவது சுமார் இரண்டரை டன். இத பாத்துட்டு "பத்து டன் சரக்குக்கு நாலு பெல்ட் போட்டாச்சு, கணக்கு சரி"ன்னுடுவாங்க. அது பெல்ட் தாங்குற அளவு. சரக்கு மேல போட்டு இழுத்து கட்டும்போது அத கீழ அமுக்குற சக்தி வேற, கையால இறுக்கினா பெல்ட்ல எவ்வளவு இழுவிசை வரும்னு அதே லேபிள்ல எஸ்டிஎஃப்னு பக்கத்துல இருக்கும், சாதாரண கை ராட்செட்டுக்கு பெரும்பாலும் 300, 350 டெக்கா நியூட்டன் தான் போட்டிருக்கும். ஐரோப்பிய தரப்படி பிரேக் போடும்போது சரக்கு முன்னாடி பாயாம இருக்க எடைல 80 சதவீதம் அளவுக்கு பிடிமானம் வேணும், பத்து டன்னுக்கு எட்டு டன். மரப் பேலட்டுக்கு உராய்வு 0.3ன்னு வச்சா மூணு டன் தானா நிக்கும், மீதி அஞ்சு டன். மேல போடுற ஒரு பெல்ட் ரெண்டு பக்கமும் சேத்து அமுக்கினாலும் அதுல 0.3 பங்கு தான் பிடிமானமா வரும், நல்லா நிமிந்த கோணத்துல இருந்தா கூட சுமார் 200 கிலோ தான், அப்படின்னா இருபதுக்கு மேல பெல்ட் வேணும்! யாரும் போடப் போறதில்ல. அதனால தான் சரக்க முன் சுவத்தோட இடைவெளி இல்லாம ஒட்டி வைக்கணும், அந்த சுவர் எவ்வளவு தாங்கும்னு தெரிஞ்சு வைக்கணும், வழுக்காத ரப்பர் விரிப்பு போடணும்னு சொல்றது. சரக்கு உயரம் கம்மியா இருந்து பெல்ட் 30 டிகிரில படுத்துட்டா அந்த 200லயும் பாதி போச்சு.

செக்லிஸ்ட் பத்தி சொல்லவே வேணாம். ஒரு வார ஷீட்ட எடுத்து பாருங்க, ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வுல டிக், டயர் காத்து கட்டத்துல எல்லா டயருக்கும் ஒரே நம்பர். டயருங்க அப்படி ஒத்துமையா இருக்காது. இது டிரைவர் சோம்பேறித்தனம்னு சொல்லிட்டு போறது ஈஸி, ஆனா போன மாசம் "பிரேக் இழுக்குது"ன்னு எழுதினப்போ என்ன நடந்துச்சு, "இந்த டிரிப் முடிச்சிட்டு வா பாத்துக்கலாம்"னு அனுப்பினாங்க. அதுக்கப்புறம் எவன் உண்மைய எழுதுவான்? வண்டி ஓடலாமா கூடாதான்னு சொல்ற அதிகாரம் லோடு புக் பண்றவர் கைல இருக்கவே கூடாது, ரெண்டையும் ஒரே ஆளுகிட்ட குடுக்கிறது ரொம்ப சகஜமா நடக்குற தப்பு. ஜிபிஎஸ் டேட்டாவும் இதே கதி தான், திடீர் பிரேக் எத்தனைன்னு எண்ணி அபராதம் மட்டும் போட்டா, எந்த வளைவுல எல்லா டிரைவரும் பிரேக் அடிக்கிறாங்கங்கிற உருப்படியான தகவல் அப்படியே கிடக்கும்.

கடைசியா, சேர்றதுக்கும் லாபம் இல்ல, மீறினாலும் நஷ்டம் இல்லன்னு திட்டம் போடுறது. ஒழுங்கா எடை ஏத்துறவன் டன்னுக்கு கூட வாடகை கேக்க வேண்டி வரும், அவன ஓவர்லோடு போடுறவன் விலைல அடிச்சிடுவான், சரக்கு அனுப்புறவங்க விலை குறைஞ்சவனுக்கே குடுப்பாங்க. கொஞ்ச நாள்ல நல்லவங்க கழண்டுக்குவாங்க. தென்னாப்பிரிக்கால 2007ல மர லாரிங்க மூலமா சோதனையா ஆரம்பிச்ச நீளமான, கூடுதல் எடை ஏத்துற வண்டிங்களுக்கு ஆர்டிஎம்எஸ் சர்டிபிகேட் இருந்தா தான் அனுமதி, அதாவது ஒழுங்கா இருக்கறவனுக்கு ஒரே டிரிப்ல அதிகமா கொண்டு போற உரிமை. ஆஸ்திரேலியாலயும் எடை மாட்யூல்ல இருந்தா கொஞ்சம் கூடுதலா ஏத்திக்கலாம். இது மாதிரி கைல காசா தெரியுற சலுகை இருக்கணும், ஆடிட்ல தோத்தா அது உடனே போகணும், போனவங்க பேரு சரக்கு அனுப்புறவங்களுக்கு தெரியணும். இத்தனை வருஷத்துல ஒருத்தரைக் கூட நீக்கினதில்லன்னு ஒரு சங்கம் பெருமையா சொன்னா அங்க ஆடிட் நடக்கலன்னு தான் நான் எடுத்துக்குவேன்.

ஒண்ணு ரெண்டு வண்டி வச்சிருக்கறவங்க இதுக்கெல்லாம் பயந்து ஒதுங்க வேண்டாம். இருநூறு வண்டி கம்பெனியோட கனமான மேனுவல காப்பி எடுத்து பீரோல வைக்கிறது வேஸ்ட். ஒவ்வொரு டிரிப்புக்கும் ஆக்சில் எடை சீட்டு, டிரைவர் எத்தனை மணிக்கு தூங்கி எத்தனை மணிக்கு எந்திரிச்சாரு, சொன்ன ரிப்பேர் எந்த தேதில சரி பண்ணினது, இந்த மூணையும் ஒரு நோட்டுல உண்மையா எழுதிட்டு வாங்க, ஆடிட்டர் வந்தா முதல்ல கேக்குறதும் இத தான்.