வீட்டுப் பட்டறைக்கு மின்கம்பி இழுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பக்கத்து அறையின் பிளக்கிலிருந்து ஒரு கம்பியை நீட்டிப் பட்டறையையோ கார் கொட்டகையையோ ஓட்டிவிடலாம் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். படுக்கையறையில் மின்சாரம் நின்றால் சற்று நேரம் இருட்டில் இருக்க நேரும், அவ்வளவுதான். சுழலும் வட்ட ரம்பத்தில் பலகையைத் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு அதே இருட்டு விரலுக்கு ஆபத்து. எனவே பட்டறையின் மின்சுற்றுகளைத் தாளில் வரையும்போதே, எந்தக் கருவி எம்.சி.பி.யை (மின்னோட்டம் மிகும்போது தானே விழுந்து சுற்றைத் துண்டிக்கும் சுவிட்ச்) தட்டிவிட்டாலும் விளக்கு அணையாதபடி பிரித்துவிட வேண்டும். இந்தப் பிரிவினை சரியாக அமைந்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் கணக்குதான்.

விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் தனிச் சுற்று ஒன்றும், அதற்கு 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.யும் போதும். விளக்கின் தரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் வைத்த குழல்விளக்குகளும் மலிவான சில எல்.இ.டி. விளக்குகளும் வினாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. அந்த மினுக்கலோடு சுழற்சி ஒத்துப்போனால், ஓடிக்கொண்டிருக்கும் ரம்பம் நின்றுவிட்டது போலத் தோன்றும். மினுக்கல் இல்லாத டிரைவர் (எல்.இ.டி.க்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) கொண்ட விளக்கே இங்குப் பொருந்தும்.

அடுத்தது லோடு கணக்கு. இங்கே தரும் எண்கள் 230 வோல்ட் விநியோகத்துக்கு உரியவை. 120 வோல்ட் உள்ள இடங்களில் அதே திறனுக்கு மின்னோட்டம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். 2 குதிரைத் திறன் மோட்டாரின் இழப்புகளையும் பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் மின்சாரத்தில் வேலையாக மாறும் பங்கு) சேர்த்தால், முழுச் சுமையில் அது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். தனியாக வேலை செய்பவர் ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் பிடிப்பார் என்பது உண்மையே. ஆனால் ரம்பத்தோடு தூசி உறிஞ்சியும் ஓடும். கம்ப்ரசரோ தொட்டியில் அழுத்தம் குறைந்ததும் யாரையும் கேட்காமல் தானே கிளம்பும். மூன்றையும் விளக்கையும் கூட்டினால் 27 ஆம்பியர் அளவுக்கு வந்துவிடலாம். இதற்கு வீட்டின் பிரதான பலகையிலிருந்து 32 ஆம்பியர் எம்.சி.பி. வழியாகக் குறைந்தது 6 சதுர மி.மீ. கம்பி இழுத்து, பட்டறையிலேயே ஒரு சிறு டிபி பெட்டி (சுற்றுகளைப் பிரித்துத் தரும் விநியோகப் பெட்டி) வைப்பது முறை. ஒரே குழாயில் பல கம்பிகள் நெருங்கிச் சென்றாலும், கம்பி சூடான கூரைக்கடியில் ஓடினாலும் அதன் தாங்குதிறன் குறையும் என்பதால் அத்தகைய இடங்களில் அடுத்த அளவுக்குப் போக வேண்டும். மின்காரை இரவு முழுதும் சார்ஜ் செய்யும் திட்டம் இருந்தால், அதற்கு வேறொரு தனிச் சுற்று வேண்டும்.

எம்.சி.பி. காப்பது கம்பியைத்தான். ஆகவே அதன் ஆம்பியர் கம்பியின் தாங்குதிறனைத் தாண்டக் கூடாது. அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று கம்பியை மாற்றாமல் பெரிய எம்.சி.பி. பொருத்துவது தீயை அழைப்பதற்குச் சமம். மோட்டார் கிளம்பும் கணத்தில் அதன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். பி வகை எம்.சி.பி. தன் ஆம்பியர் அளவின் 3 முதல் 5 மடங்கிலேயே உடனே விழுந்துவிடுவதால், 5 முதல் 10 மடங்கில் விழும் சி வகையே மோட்டார்களுக்கு ஏற்றது. 2.5 சதுர மி.மீ. கம்பியில் 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. என்பது 2 குதிரைத் திறன் கருவிக்குப் பழக்கமான இணை.

கம்பியின் நீளத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7.4 ஓம் மின்தடை உண்டு. 25 மீட்டர் தொலைவு என்றால், போகவும் வரவும் சேர்த்து 50 மீட்டரில் 0.37 ஓம். பத்து ஆம்பியரில் 3.7 வோல்ட் இழப்பு பொருட்டல்ல. கிளம்பும்போது இழுக்கும் 60 ஆம்பியரில் அது 22 வோல்ட்டாகி, மோட்டாரின் முறுக்குவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். ரம்பம் முனகிக்கொண்டு தயங்கிக் கிளம்புவதற்கு இது ஒரு காரணம். 4 சதுர மி.மீ. கம்பி இழப்பை 14 வோல்ட்டாகக் குறைக்கும்.

மனிதரைக் காப்பவை எர்த் இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் சுவிட்ச்). கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால் எர்த் அதற்கு வழி தருகிறது. அந்தக் கசிவை உணர்ந்து ஆர்.சி.சி.பி. துண்டிக்கிறது. ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்றாகாது. பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொடுபவரை ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி.க்கு அப்பால் எங்கேயும் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கக் கூடாது. விளக்குச் சுற்றை வேறோர் ஆர்.சி.சி.பி.யின் கீழ் வைக்க வேண்டும், இல்லையேல் முதலில் செய்த பிரிவினை வீணாகும்.

மின்சாரம் போய்த் திரும்பும்போது ரம்பம் தானாக ஓடத் தொடங்காமலிருக்க, நோ-வோல்ட் சுவிட்ச் எனப்படும், மறுபடி அழுத்தினால் மட்டுமே இயங்கும் சுவிட்சைப் பொருத்த வேண்டும். நிலையாக வைத்த கருவிகளில் இதைத் தவிர்ப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பிளக்குகளைத் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் வைத்தால் சாய்த்து வைத்த பலகைகள் அவற்றை மறைக்கா. வண்டி நிற்கும் இடமென்றால் உயரம் இன்னும் முக்கியம்: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். மரத்தூள் பறக்கும் இடத்தில் தூசியையும் நீர்த் தெறிப்பையும் தடுக்கும் ஐ.பி.54 தரமுள்ள மூடிய பெட்டிகளும், கம்பிகளுக்குக் கனமான கான்டியூட் குழாயும் வேண்டும். உலோகக் குழாயானால் அதற்கும் எர்த் தர வேண்டும்.

பிரதான பலகையில் இணைப்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விட வேண்டும். பல நாடுகளில் சட்டமும் அதையே கேட்கிறது. நீங்களே குழாய் பதித்துக் கம்பி இழுத்தாலும், மெயினை அணைத்துப் பூட்டிய பிறகே கை வைக்க வேண்டும். நியான் டெஸ்டரை மட்டும் நம்பலாகாது: மல்டிமீட்டரை மின்சாரம் உள்ள ஓரிடத்தில் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மீண்டும் முதல் இடத்தில் சோதிக்க வேண்டும். சுவிட்ச் எப்போதும் பேஸில்தான் வர வேண்டும். பல இழைக் கம்பியின் முனைக்கு லக் (முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகத் துண்டு) போட்டு இறுக்க வேண்டும். தளர்ந்த திருகு சூடாகிக் கருகும்.

மின்சாரம் கொடுக்கும் முன் 500 வோல்ட் மெக்கரில் (கம்பி உறையின் காப்பை அளக்கும் கருவி) காப்புத் தடை குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். அப்போது மின்னணுச் சாதனங்களைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். அதன் பின் ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் தொடர்ச்சியைப் பார்த்து, ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்த வேண்டும். அது உடனே விழாவிட்டால், காரணம் தெரியும் வரை எந்தக் கருவியையும் இணைக்கக் கூடாது.