உங்கள் போனின் டச் எந்த ரகம்? ஒரு வெண்டைக்காய் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்

எங்கள் அம்மா போனைத் தொட மாட்டார், அழுத்துவார். பட்டன் போனில் பத்து வருஷம் பழகிய கட்டைவிரல். வாட்ஸ்அப்பை ஓர் அமுக்கு அமுக்குவார், அது திறக்காமல் வேறு ஏதோ பெட்டி வந்து நிற்கும், "இந்தப் போன் சரியில்லடா" என்பார். போன் சரியாகத்தான் இருக்கிறது. அழுத்தினால் வேலை செய்யும் டச் ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. இப்போது நம் கையில் இருப்பது எவ்வளவு அழுத்தினாலும் கண்டுகொள்ளாது, தோல் பட்டால் போதும் என்கிற ரகம். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் ஈரக்கை, கிளவுஸ், சார்ஜ் போட்டால் பேயாட்டம் ஆடும் திரை என்று பாதித் தொல்லைகளுக்குக் காரணம் தெரிந்துவிடும்.

தேவையானவை: உங்கள் போன், பிளாஸ்டிக் பேனா மூடி ஒன்று, கொஞ்சம் தண்ணீர், ஒரு வெண்டைக்காய். அலமாரியில் நோக்கியா 5233 மாதிரி பழைய டச் போன் ஏதாவது கிடந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேனா மூடி, அப்புறம் வெண்டைக்காய்

பேனா மூடியின் முனையால் பழைய போனைத் தட்டுங்கள். வேலை செய்யும். நகத்தால் தட்டினாலும் செய்யும். இது ரெசிஸ்டிவ் டச். மேலே வளையக்கூடிய பிளாஸ்டிக் ஏடு, கீழே கண்ணாடி, இரண்டின் உட்புறத்திலும் மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு, நடுவில் மயிரிழை இடைவெளி. அழுத்தும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தொட, எந்த இடம் என்று போன் கணக்குப் போட்டுக்கொள்ளும். எதை வைத்து அழுத்துகிறீர்கள் என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. பழைய போன் கையில் இல்லையென்றால் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் பெரிய மெஷினின் திரையையோ, பழைய கார் ஸ்டீரியோவையோ நகத்தால் தட்டிப் பாருங்கள், பல இடங்களில் இன்னும் இதுதான் ஓடுகிறது.

இப்போது அதே மூடியால் உங்கள் போனைத் தட்டுங்கள். சும்மா கிடக்கும். வெண்டைக்காயின் காம்பை நறுக்கிவிட்டு, நறுக்கிய பக்கத்தை ஏதாவது ஆப்பின் மேல் மெதுவாக வையுங்கள். திறக்கும்! லேடீஸ் ஃபிங்கர் என்று பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை போலிருக்கிறது. (கொழகொழப்பை உடனே துடைத்துவிடுங்கள், நான் துடைக்காமல் விட்டு அரைமணி நேரம் கழித்துச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.)

காரணம் இதுதான். கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக, பாய் பின்னியது போல, கண்ணுக்குத் தெரியாத கடத்திக் கோடுகள் ஓடுகின்றன. அவை சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்ன மின்புலம். விரல் பக்கத்தில் வந்ததும் அந்தப் புலம் கொஞ்சம் குறைகிறது, அதைத்தான் போன் அளக்கிறது. வெண்டைக்காய்க்குள் உப்பும் நீரும் இருக்கிறது, அதை உங்கள் கை பிடித்திருக்கிறது, அதனால் போனைப் பொறுத்தவரை அதுவும் உங்கள் விரலின் நீட்சிதான். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் அது போனுக்குத் தெரிவதே இல்லை. இதன் பெயர் கெபாசிட்டிவ். 2007இல் எல்ஜி பிராடாவும் ஐபோனும் இதைத்தான் கொண்டுவந்தன, அதற்குப் பிறகு சில வருஷங்களில் ரெசிஸ்டிவ் போன்கள் மெல்லக் காணாமல் போயின. இரண்டு விரலால் படத்தை விரிப்பதெல்லாம் பழைய ரகத்தில் சரிப்பட்டு வராத வேலை.

அடுத்து, போன் என்ன பார்க்கிறது என்று நாமும் பார்ப்போம்

இது ஆண்ட்ராய்டு போனுக்கு மட்டும். செட்டிங்ஸில் அபவுட் போன் போய் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டுங்கள் (சாம்சங்கில் அது சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷனுக்குள் இருக்கும், சில போன்களில் பில்டு நம்பருக்குப் பதில் ஓஎஸ் வெர்ஷனைத் தட்ட வேண்டும்). டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்று புதிதாக ஒன்று தோன்றும். அதற்குள் பாயின்டர் லொகேஷனை மட்டும் ஆன் செய்யுங்கள், மற்றதில் கை வைக்காதீர்கள்.

இப்போது விரல் போகும் வழியெல்லாம் திரையில் கோடு விழும். மேல் ஓரத்தில் 'பி' எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது எத்தனை விரல் என்கிற எண்ணிக்கை. பத்து விரலையும் வைத்துப் பாருங்கள், நல்ல போன் பத்தையும் எண்ணும், சில மலிவு போன்கள் பாதியில் நின்றுவிடும். அப்புறம் ஒரு விரலால் மூலையிலிருந்து மூலைக்கு, அவசரமே இல்லாமல், வயலில் ஏர் ஓட்டுவது போலத் திரை முழுக்கக் கோடு போடுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கோடு அறுந்தால் அங்கே டச் செத்துவிட்டது என்று அர்த்தம். பழைய போன் வாங்கப் போகும்போது கேமராவைப் பார்ப்பதற்கு முன்னால் நான் செய்வது இதைத்தான்.

அம்மாவின் விரலையும் இதில் வைத்துப் பார்த்தேன். அவர் அழுத்த அழுத்த விரல் நுனி தட்டையாகிப் பரவுகிறது, கோடு நின்ற இடத்தில் நிற்காமல் கொஞ்சம் வழுக்குகிறது, சுமார் அரை நொடியைத் தாண்டியதும் போன் அதை நீண்ட தொடுதல் என்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெட்டி வருவது இதனால்தான். அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸில் டச் அண்ட் ஹோல்ட் டிலே என்று ஒன்று இருக்கும், அதை லாங் என்று மாற்றிக்கொடுத்தேன். பாதிப் புகார் அன்றைக்கே தீர்ந்தது. மீதிப் பாதி காய்ந்து காப்புக் காய்த்த விரல் நுனியால் வருவது. தோல் ரொம்பக் காய்ந்திருந்தால் மின்புலத்தில் ஏற்படும் மாற்றமும் குறைவு. நகத்தை ஒட்டிய நுனியை விட்டுவிட்டு விரலின் சதைப் பகுதியால் தொடச் சொல்லுங்கள்.

ஈரம், கிளவுஸ், சார்ஜர்

பாயின்டர் லொகேஷன் ஆனிலேயே இருக்கட்டும். ஒரு சொட்டுத் தண்ணீரைத் திரையில் விட்டு, விரலை அதன் வழியாக இழுங்கள். கோடு துள்ளும், இல்லை இரண்டாகப் பிரியும். தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால் விரல் எங்கே முடிகிறது, சொட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று போனுக்குப் பிடிபடுவதில்லை. ஒன்பிளஸ் 12 மாதிரி சில போன்களில் ஈரத் திரையைச் சமாளிக்கவே தனியாக ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மற்றவர்கள் கையைத் துடைத்தால் மட்டும் போதாது, திரையையும் துடைக்க வேண்டும்.

கிளவுஸ் விஷயம் சுருக்கமாக: டாக்டர்கள் போடும் மெல்லிய ரப்பர் கிளவுஸ் பெரும்பாலும் ஒத்துழைக்கும், பைக் ஓட்டும் தடித்த கிளவுஸ் ஒத்துழைக்காது. 2012லேயே நோக்கியா லூமியா 920 கிளவுஸோடு வேலை செய்தது. இன்றைக்குப் பல சாம்சங் போன்களில் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் டச் சென்சிடிவிட்டி என்று இருக்கிறது, தடித்த டெம்பர்டு கிளாஸ் ஒட்டியவர்களும் அதை ஆன் செய்து பார்க்கலாம்.

சார்ஜர்தான் பலரும் சந்தேகப்படாத ஆள். போனைச் சார்ஜில் போட்டு ஒரு விரலை அசையாமல் வையுங்கள். கோடு நடுங்கினாலோ, ஒரு விரலுக்கு இரண்டு மூன்று எண்ணினாலோ சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் டச்சைக் குழப்புகிறது. பஸ் ஸ்டாண்டில் அவசரத்துக்கு வாங்கிய நூறு ரூபாய் சார்ஜர் ஒன்று, நான் தூங்கிக்கொண்டிருந்தபோது அலுவலக குரூப்பில் பதினேழு ஸ்டிக்கர் அனுப்பி வைத்தது. டிஸ்ப்ளே மாற்றக் கிளம்புவதற்கு முன் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

பெட்டி மேல் போட்டிருக்கும் ஹெர்ட்ஸ்

120 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளே என்பது திரை ஒரு நொடிக்கு எத்தனை தடவை புதிதாக வரைகிறது என்ற கணக்கு. டச் சாம்பிளிங் 240 ஹெர்ட்ஸ் என்பது விரலை எத்தனை தடவை தேடுகிறது என்ற கணக்கு, அதாவது சுமார் 4 மில்லி நொடிக்கு ஒரு முறை. இரண்டும் வேறு வேறு. கேம் ஆடாதவர்கள் இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசியாக, உடைந்தால்

முன்பெல்லாம் கண்ணாடியோடு சேர்ந்த டச் தனி, டிஸ்ப்ளே தனி. டச் போனால் அதை மட்டும் மாற்றுவார்கள். இப்போது டச் கோடுகள் டிஸ்ப்ளேவின் மேலேயோ (ஆன்செல்) உள்ளேயோ (இன்செல்) சேர்ந்தே வருகின்றன. போன் மெலிந்தது, நம் பர்ஸும் மெலிந்தது, ஏனென்றால் கடைக்காரர் "காம்போதான் போடணும்" என்பார், அதாவது டச்சும் டிஸ்ப்ளேவும் சேர்ந்த ஒரே பாகம். அவர் சொல்வது பொய்யில்லை. மேல் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டு டச் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் பசையைப் பிரிக்கும்போது டிஸ்ப்ளே போய்விட்டால் யார் பொறுப்பு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அமோலெட், எல்சிடி இரண்டும் வேறு வேறு டிஸ்ப்ளே ரகங்கள். அமோலெட் போனுக்கு மலிவான எல்சிடி காம்போ போட்டால் திரைக்கு அடியில் இருக்கும் ஃபிங்கர்பிரின்ட் பெரும்பாலும் வேலை செய்யாது. அதனால் காசு கொடுப்பதற்கு முன், கடையிலேயே நின்று ஃபிங்கர்பிரின்ட் வைத்துப் பார்த்து, பாயின்டர் லொகேஷனை ஆன் செய்து அந்த ஏர் ஓட்டும் வேலையையும் முடித்துவிடுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும்.