பரணில் பாஷாணக் குப்பி கிடைத்தால்

திருவல்லிக்கேணியில் பெரியப்பா வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கியது. தாத்தா சித்த வைத்தியம் பார்த்தவர். உள்ளே அரக்கு வைத்து அடைத்த மூன்று குப்பிகள். மேலே அவர் கையெழுத்தில் அரிதாரம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம். மூன்றாவதில் மைதா போன்ற தூள். அக்கா மகன் அதை முகர்ந்து பார்க்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மூன்றுமே ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமம் சேர்ந்தவை. அரிதாரம் மஞ்சள், மனோசிலை சிவப்பு, இரண்டும் சல்ஃபைடுகள், அதாவது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தவை. கூத்தில் முகத்துக்குப் பூசிய மஞ்சள் என்பதால்தான் ஒப்பனைக்கே அரிதாரம் என்று பெயர் நிலைத்தது. வெள்ளைப் பாஷாணம் ஆர்சனிக் டிரையாக்சைடு. மணம் கிடையாது, சோற்றில் கலந்தாலும் நாக்குக்குத் தெரியாது. ஒரு சிட்டிகைக்கும் குறைவான 100, 200 மில்லிகிராமே உயிரைப் பறிக்கப் போதும். சிறிது சிறிதாக உடம்பில் சேர்ந்தாலும் புற்றுநோய் வரலாம். சல்ஃபைடுதானே என்று மற்ற இரண்டையும் அலட்சியம் செய்ய வேண்டாம்: வெளிச்சமும் ஈரமும் பட்டால் அவற்றிலிருந்தும் வெள்ளைப் பாஷாணம் உண்டாகும்.

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். குழந்தைகளையும் பூனையையும் வெளியே அனுப்புங்கள். குப்பியைத் தொடும் முன்பே அதன் மேலுள்ள எழுத்தைப் படம் எடுங்கள். பின்னால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

அடுத்து, நைட்ரைல் கையுறையும் என்95 முகக்கவசமும் அணியுங்கள். துணி முகக்கவசம் இந்தத் தூளுக்குப் போதாது. அடைப்பைத் திறக்காதீர்கள். பழைய தக்கை விரல் பட்டாலே உதிரும். குப்பியை நிமிர்ந்தபடியே இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றினுள் ஒன்றாகப் போட்டுக் கட்டி, மூடியுள்ள காலி பெயின்ட் வாளியில் பழைய செய்தித்தாளை அடைத்து இறக்குங்கள். வாளி மேல் 'விஷம்' என்று பெரிதாக எழுதுங்கள். சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

தூள் சிந்தியிருந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். வாக்குவம் கிளீனரும் தூளை அறை முழுக்கப் பரப்பிவிடும். ஈரத் துணியை மேலே போட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். துணியும் கையுறையும் அதே பைக்குள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் அறவே வேண்டாம்: ஆசிட்டும் துத்தநாகம் பூசிய வாளியும் ஆர்சனிக்கும் சேர்ந்தால் ஆர்சைன் வாயு பிறக்கும். அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

'சுத்தி செய்தால் (சித்த வைத்திய முறைப்படி நச்சை நீக்கினால்) மருந்தாகுமே' என்று உறவில் ஒருவராவது சொல்வார். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அடுப்பில் ஏற்றினால் வருவது நச்சுப் புகை.

தோலில் பட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீர். வாய்க்குள் போயிருந்தால் வாந்தியும் அரிசி கழுவிய நீர் போன்ற பேதியும் வரும்வரை காத்திருக்காமல் உடனே 108. நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

மாநகராட்சிக் குப்பைத் தொட்டி, சாக்கடை, கூவம், தோட்டத்து மண் எதுவும் இதற்கு இடமில்லை. கிண்டியில் உள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேளுங்கள்; அபாயகரமான கழிவைக் கையாளும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது.

தாத்தாவின் கையெழுத்து இப்போது என் கைப்பேசிப் படத்தில் மட்டும்தான். காகிதமும் தகரப்பெட்டியும் குப்பிகளோடே போய்விட்டன.