மீஞ்சூர்ப் பக்கம் கோடை உளுந்து: எங்கே கோட்டை விடுகிறோம்?

வீடு திருவொற்றியூரில், அரை ஏக்கர் நிலம் மீஞ்சூர் தாண்டி. ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் ஏறிப் போய் விவசாயம் பார்க்கிற கூட்டம் நாங்கள். எங்கள் முதல் தப்பே, பயிர் கேட்கும்போது தண்ணீர் கட்டாமல் லீவு கிடைக்கும்போது கட்டுவதுதான்.

உளுந்துக்கு விதைத்ததும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அப்புறம் மண்ணையும் வெயிலையும் பார்த்து 7 முதல் 10 நாளைக்கு ஒன்று. பூவுக்கு முந்தின நாட்களில்தான் ஏமாறுவோம். செடி வாடுகிறதே என்று மனசு கேட்காமல் அடிக்கடி பாய்ச்சினால் இலைதான் பொங்கும், காய் பிடிக்காது. மத்தியானம் தொங்கும் இலை சாயங்காலம் நிமிர்ந்தால் கவலையில்லை. காலையிலேயே தொங்கினால்தான் ஓடிப் போய் மோட்டார் போட வேண்டும்.

சுமார் 35ஆம் நாள் பூ எடுத்ததும் கதை மாறிவிடும். பூக்கும்போதும் பிஞ்சு பிடிக்கும்போதும் ஈரம் காயக் கூடாது. அப்போது ஒரு தண்ணீர் தவறினால் பூ கொட்டும், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் கொட்டியது கொட்டியதுதான். அதற்காக வயலைக் குளமாக்கவும் கூடாது, தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் வேர்முடிச்சுக்குக் காற்று வேண்டும். காய் கறுக்க ஆரம்பித்த பிறகும் பாய்ச்சினால் மறுபடி பூ வைத்து, ஒரே செடியில் நெற்றும் பிஞ்சுமாக நிற்கும். அறுவடைக்கு ஆள் கூப்பிடும் நாளில் அந்த வேதனை தெரியும்.

விதையில் நான் பட்டது வேறு. கடையில் கொடுத்த ஆடுதுறை 3ஐ எதுவும் கேட்காமல் வாங்கி விதைத்தேன். அது நெல் தரிசுக்கான ரகம், சம்பா அறுத்த ஈரத்திலேயே வளர்ந்துவிடும். என் கோடை வயலில் வெள்ளை ஈ பரப்பிய மஞ்சள் தேமல் நோய் பாதிக்கு மேல் கொண்டுபோனது. ரகத்தைக் குறை சொல்ல மாட்டேன், இடம் மாற்றிப் போட்டது நான்தான். இப்போது தேமலைத் தாங்கும் வம்பன் 8 போடுகிறேன். பச்சைப்பயறு என்றால் கோ 8, காய்கள் ஒருசேர முற்றும். எதுவானாலும் தேமல் கண்ட செடியை உடனே பிடுங்கிவிடுங்கள், அதைக் குணமாக்க மருந்து கிடையாது.

பட்டத்தையும், அதாவது விதைக்கும் பருவத்தையும், சேர்த்துத்தான் ரகத்தை யோசிக்க வேண்டும். பிப்ரவரி கடைசியில், மாசி பத்து வாக்கில் விதைத்தால் பூ பங்குனியில் வரும், மே 4 வாக்கில் கத்திரி பிறக்கும் முன் அறுத்துவிடலாம். நவரை நெல் அறுத்துவிட்டுச் சித்திரையில் விதைத்தால் பூ நேராகக் கத்திரி வெயிலில் மாட்டும். எந்த நல்ல ரகமும் அதைத் தாங்குவது கஷ்டம். அந்த நிலத்தில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதே மேல் என்பேன்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை உப்பு. மீஞ்சூர் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் உப்பு ஆகாது, முளைக்கும் பருவத்தில் இன்னும் மோசம். போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு விதை வாங்குங்கள். உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நித்தம் தெளிப்பது இன்னொரு தப்பு: வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் மேல் மண்ணில் வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

லீவுப் பிரச்சினைக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பூ எடுத்ததிலிருந்து பிஞ்சு திரளும் வரை மோட்டார் ரூம் சாவி பக்கத்து வயல் அண்ணனிடம் இருக்கும். கூலியாக மூன்று படி உளுந்து.